பக்கவாசல் திறக்காத கல்யாணம்

தேவாலயப் பங்கு அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாகக் கல்யாணப் பதிவு பார்க்கிறேன். ஃபாதருக்குப் பயப்படாத நான், மணப்பெண் என்றால் நடுங்குவேன். ஒருத்தி பீடத்து மாதா சுரூபத்தைத் தள்ளி வைக்கச் சொன்னாள், போட்டோவில் இடிக்கிறதாம். இன்னொருத்திக்குக் கோயில் மணி கேட்டால் தலைவலி. அதனால் எந்தக் கோரிக்கைச் சீட்டையும் முதலில் கீழ் டிராயரில் போட்டுவிடுவேன். மூன்றாம் முறை வந்து கேட்டால்தான் எடுத்துப் படிப்பது. முக்கால்வாசிப் பேர் அதற்குள் மறந்துவிடுவார்கள். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

இந்தப் பெண் பன்னிரண்டு வரி எழுதிக்கொண்டு வந்தாள். முதல் வரி, வெள்ளைப் பூ மட்டும். இரண்டாவது, மின்விசிறி ஓடக் கூடாது, முக்காடு பறக்குமாம். வந்துவிட்டாள் அல்லி ராணி என்று நினைத்துக்கொண்டு, மேலே படிக்காமல் சீட்டை மடித்தேன்.

"அக்கா, ஒன்பதாவதை மட்டும் விட்டுடாதீங்க. மத்தது இல்லேன்னாலும் பரவாயில்ல."

"எல்லாம் பாத்துக்கலாம்மா, போயிட்டு வா."

நம்பிப் போனாள். மறுபடி வரவில்லை.

ஒன்பதாவது வரியைக் கல்யாணத்தன்று காலையில்தான் படித்தேன், அவள் அப்பா சக்கர நாற்காலியில் முன்வாசலுக்கு வந்து நின்ற பிறகு. அங்கே பதினான்கு படி. பக்கவாசலில் சரிவுப் பாதை உண்டு. ஆனால் உள்ளே கதவோடு சேர்த்துப் பழைய பெஞ்சுகளை அடுக்கியிருந்தோம், முந்தின நாளே ஆள் வைத்து அகற்றியிருக்க வேண்டும், இனி நேரமில்லை. அப்பா கையைப் பிடித்துப் பீடம் வரை போகணும், பக்கவாசலைத் திறந்து வையுங்கள் என்றுதான் எழுதியிருந்தாள்.

நாலு பேர் தூக்க வந்தார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"மூட்டை மாதிரி என்னைத் தூக்க வேணாம்ப்பா. நான் இங்கேயே இருக்கேன்."

ஃபாதர் என்னிடம் திரும்பினார். "பக்கவாசலை ஏன் திறக்கல?"

"யாரும் கேக்கலையே ஃபாதர்" என்றேன். பாவி, நாக்குக் கூசவில்லை. அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றாள். என்னைக் கிழித்துத் தோரணம் கட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஆமா ஃபாதர். நான்தான் சொல்ல மறந்துட்டேன்" என்றாள்.

அது அவள் அப்பா காதிலும் விழுந்தது. "கல்யாண அவசரத்துல அப்பனை மறந்துட்டியாம்மா" என்று சிரிக்கப் பார்த்தார்.

அவள் தனியாகப் படியேறினாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.