மூன்றாம் மாடியிலிருந்து தொங்கிய வயர்

கத்திரி என்றால் அந்தக் குடியிருப்பில் தெரியாதவர் இல்லை. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்கள், கைக்குழந்தைக்காரிகள், வாசல் தாண்ட முடியாதவர்கள் என்று வீடு தேடிப் போய் முடி வெட்டிவிடுவது அவள் தொழில்; பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். அலைச்சல் தாங்காமல் மின்சார ஸ்கூட்டர் ஒன்று வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் உறைத்தது: வண்டி நிற்பது கீழே, பிளக் இருப்பது மூன்றாம் மாடியில். பேட்டரியைக் கழற்றவும் முடியாது.

பால்கனியிலிருந்து நீளமாக ஒரு வயரைத் தொங்கவிட்டாள். காற்றடித்தால் அது முதல் மாடி ஜன்னலை டொக்கு டொக்கென்று தட்டியது. அந்த வீட்டில் இருந்தது அவளுடைய கூடப் பிறந்த அக்கா. துணிக்கொடி யாருடையது என்று தொடங்கிய சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. மறுநாள் அந்த ஜன்னலுக்கு நேராக வயரில் ஒரு பழைய துடைப்பம் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது.

“இப்படி வயர் தொங்கக் கூடாதும்மா. கீழேயே தனி மீட்டர் வச்சு பிளக் போட்டுக்கலாம். ஆனா எல்லா வீட்லயும் சரின்னு சொல்லணும்” என்றார் சங்கச் செயலாளர்.

கத்திரி படியேறி இறங்கி, பேசியே எல்லோரையும் சம்மதிக்க வைத்தாள். அக்காவிடம் மட்டும் செயலாளரை அனுப்பினாள். போன வேகத்தில் திரும்பிவந்தார் மனிதர்.

வேறு வழியில்லாமல் அவளே போய் நின்றாள்.

“எல்லார் வீட்டுக்கும் நீ போனே. எனக்கு மட்டும் ஆள் விடுறே. நான் என்ன கோர்ட்டா, வக்கீல் வச்சுப் பேச?” என்றாள் அக்கா.

“கதவைத் திறக்க மாட்டியோன்னு...”

“உன் வயரு தினமும் வந்து தட்டுது. நீ ஒருநாளாவது தட்டினியாடி?”

ஊரையே பேசிக் கவிழ்ப்பவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அழுதுகிட்டே நிக்காதே. என் தலை காடா கெடக்கு பாரு, வெட்டு. பிளக்குக்கு நான் சரின்னு சொன்னேன்னு அந்த ஆளுகிட்ட சொல்லிடு.”

பிளக் வந்தது. கொஞ்ச நாளில் அக்காவும் ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள்.

இப்போது தினமும் காலையில் கீழே ஒரே ரகளை. “நேத்து சாயங்காலத்திலேர்ந்து உன் வண்டிதான் கரண்டைக் குடிக்குது!” “மூத்தவளுக்குத்தான் முதல்ல!”

சத்தம் பொறுக்காமல் செயலாளர் இரண்டாவது பிளக்குக்கு வீடு வீடாக ஏறி இறங்குகிறார். ஒரு வீட்டிலும் மறுப்பு இல்லையாம்.