ஒத்தப்பனை

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் மணலில் நிற்கிறேன். நாற்பது வருஷத்துக்கு முந்தைய சர்வே படத்தைப் புதுப்பிக்கிற வேலை. படத்தில் இந்த இடத்தில் தனியாக ஒரு பனை இருக்கிறது. மணலிலோ சுண்ணாம்பு பூசிய பழைய பாய்மரம்தான் நட்டிருக்கிறது. எங்கள் கொடியை ஊன்றுவதற்காக, சர்வே சங்கிலி பிடிக்கும் செல்லையா அதைப் பிடுங்கப் போகிறார்.

"ஏலே, அதுல கைய வைக்காத!"

வலை தைத்துக்கொண்டிருந்த சவரிமுத்து ஓடி வருகிறார்.

"பனை புயல்ல சாஞ்சிட்டு அய்யா. கடல்ல நின்னு பாத்தா மாதா கோயில் உச்சியும் இதுவும் ஒரே நேரா தெரியணும். அங்கனதான் முத்துச்சிப்பி கெடக்கு. மொதல்ல வேரத் தோண்டச் சடவுபட்டு பத்தடி தள்ளி நட்டோம். நாள் பூரா முங்குனதுக்கு மண்ணுதான் வந்துது. பெறவு வேரத் தோண்டிட்டு அதே குழியில நட்டோம்."

எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர் சொன்னது சரிதானா என்று சர்வே கருவியை வைத்து மூன்று பக்கமிருந்தும் பார்க்கிறேன். மூன்று கோடுகளும் படத்திலுள்ள பனையிலேயே வந்து சேர்கின்றன. பழைய இடத்தைத் தேடி அளக்க வேண்டியதில்லை; எனக்கு ஒரு வார அலைச்சல் மிச்சம்.

ரப்பரை எடுத்துக்கொண்டு, "பனைய அழிச்சிட்டு பாய்மரம்னு போட்டுரட்டுமா?" என்று கேட்கிறேன்.

"எதுக்கு? ஊர்ல எல்லாரும் இத ஒத்தப்பனைன்னுதான சொல்லுதோம்."

ரப்பரைப் பைக்குள் போடுகிறேன். செல்லையா ஒத்தப்பனையின் உச்சியில் ஏறி எங்கள் கொடியைக் கட்டுகிறார்.