வளைகாப்புக்குச் சோறு இல்லை

சமையல் தொழிலில் அடுப்புச் சூடு ஒன்றும் செய்யாது, அளவுதான் ஆளைக் கொல்லும். எழுபதுகளில் அச்சரப்பாக்கத்தில் ஒரு வீட்டு வளைகாப்பு, சமையல் நான். குழம்பு இருந்தது, வடை இருந்தது, பாயசம் இருந்தது. சோறு இல்லை. வீட்டு விசேஷத்துக்கு அளவு போட்டுத் தூக்கம் கெட்டவர்களே, இது உங்களுக்குப் புரியும்.

யார் வடிப்பது?

வீட்டுக்காரர் முனுசாமி, மாப்பிள்ளையின் அப்பா. நெல் விளைவிக்கிற குடும்பம். "அரிசி எத்தனை படி போடட்டும்?" என்றேன். சோறே வேண்டாமாம். திருவிடந்தையிலிருந்து பெண் வீட்டார் கலந்த சாதம் கொண்டுவருவார்களாம், நான் மற்றதைப் பார்த்தால் போதுமாம். எவ்வளவு கொண்டுவருவார்கள் என்று கேட்டேன். மனுஷன் முறைத்தார்.

"பொண்ணைப் பெத்தவங்களுக்கு அது கூடவா தெரியாது? உன் வேலையப் பாருய்யா."

ஏழு தூக்கு

பெண் வீட்டார் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். பெண்ணின் அம்மா செல்லம்மா கையிலும் கூட வந்தவர்கள் கையிலும் ஏழு தூக்கு. புளி சாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று ஏழு வகை. எல்லாம் சேர்த்துப் போட்டால் ஒரு வரிசை இலைக்குக் காணாது. கூடத்திலோ ஊரே உட்கார்ந்திருந்தது.

"சாங்கியத்துக்குத் தானே கொண்டாருவாங்க சம்மந்தி! ஊருக்கேவா வடிச்சிக்கினு வருவாங்க?" என்றாள் செல்லம்மா.

மாமியார் பட்டம்மா குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிரசவத்துக்குப் பெண் அன்று அம்மா வீட்டுக்குக் கிளம்பவேண்டும்.

"இட்டுகினு போங்க. பெத்தப்புறம் அங்கியே வெச்சிக்கோங்க."

அரிசி வேட்டை

குதிரில் நெல் இருந்தது. அரைக்க மில்லில் கரெண்ட் இல்லை. கடைத்தெருவுக்கு ஓடினேன். ரெண்டு கடை சுற்றினேன், அரிசி கிடையாது. மூணாவது கடை பாய் என்னைப் பார்த்ததுமே கையை விரித்தார். அங்கே இலை போட ஆரம்பித்திருப்பார்களே என்று நான் பறக்கிறேன், அவர் நிதானமாகத் தராசைத் துடைக்கிறார்.

"அரிசி வந்துகினே கீதுன்னு நானும் ஒரு வாரமா சொல்லிகினு கீறேன் அண்ணாத்த. ரவை கீது. தூக்கிக்கினு போ."

ஆசை

ரவை மூட்டையோடு போய் நின்றேன். அரை மணியில் உப்புமா கிண்டிவிடலாம் என்றேன். பட்டம்மா பாய்ந்தாள். "வளைகாப்புக்கு உப்புமா போட்ட வூடுன்னு பேர் வாங்கணுமா நானு?"

செல்லம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். மணையில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள். கன்னத்தில் சந்தனம், முழங்கை வரை வளையல்.

"அத்தே, எனக்கு ரெண்டு நாளா உப்புமா மேலயே ஆசையா கீது. கேக்க வெக்கமா இருந்துச்சி. இன்னிக்கு எல்லாரும் என்கூட அதையே சாப்டணும்" என்றாள்.

மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். அத்தனை பொம்பளைகள் எதிரில் யார் மறுப்பது? பட்டம்மா மருமகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வாயும் வயிறுமா இருக்கிறவ கேக்குறா. இன்னா மரம் மாதிரி நிக்கிற? ரவையை வறு!"

பொட்டலம்

உப்புமாவும் குழம்பும் வடையும் போட்டோம். ஒருத்தர் முகம் சுளிக்கவில்லை. "மருமவ ஆசைப்பட்டா" என்று பட்டம்மாவே ஒவ்வொரு இலையாகச் சொல்லிக்கொண்டு போனாள். பஸ் ஏற்றும்போது, "மூணாம் மாசம் புள்ளையோட வந்துரணும், சொல்லிட்டேன்" என்று மருமகள் தலையில் பூவைச் சொருகினாள்.

நானும் அதே பஸ்ஸில் செங்கல்பட்டு திரும்புகிறவன். ஆசைப்பட்ட பெண்ணாயிற்றே என்று மிச்சத்தை இலையில் மடித்து நீட்டினேன். பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"ஐயோ, வேணாண்ணா. உப்புமான்னாலே எனக்கு ஆவாது."

அளவு தெரிந்தவர்கள் என்று மார்தட்டிய பெரியவர்கள் அத்தனை பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அன்றைக்கு ஊருக்கு இலை போட்டவள் மணையில் உட்கார்ந்திருந்த வசந்தா.