தீக்கோட்டில் போட்ட பந்தல்

ஒரு காலத்தில் நான் தீயணைப்பில் பெரிய உத்தியோகம் பார்த்தேன் என்றால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த உத்தியோகத்துக்கு நாற்காலி கிடையாது. ஒரு விசில், ஒரு பச்சைத் தொப்பி, அவ்வளவுதான். தொப்பி என் கொண்டைமேல் உட்காராது. கோழி கவிழ்த்த கூடை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தே கிடக்கும்.

மரக்காணத்து உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த சவுக்குத்தோப்பில் நெருப்பு பிடிக்காமல் பார்த்துக்கொள்கிற குழுவுக்கு நான் தலைவி. எனக்குக் கீழே ஆறு பெண்கள். எனக்கு மேலே ஊர்ச் சங்கத் தலைவர். ஆண்கள் யாரும் எங்கள் குழுவுக்கு வரவில்லை, சருகு பெருக்குவது பொம்பளை வேலையாம். நாங்கள் பெருக்குவோம், தலைவர் பேசுவார். இரண்டுமே குப்பை சம்பந்தப்பட்ட வேலைதான். நாங்கள் அள்ளினோம், அவர் கொட்டினார்.

சுனாமி வந்து போன அடுத்த கோடை அது. குப்பத்தில் வீடு இழந்தவர்களுக்குத் தோப்புக்கு மேற்கே வரிசையாகக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். சுவரும் தார் ஷீட், கூரையும் தார் ஷீட். மத்தியான வெயிலில் தொட்டால் கையோடு தார் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு பொறி விழுந்தால் வரிசை மொத்தமும் போய்விடும். முதல் கொட்டகையில் என் மகள் பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள். என் வீட்டுக்கு வாடி என்று எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தேன். கொட்டகையை விட்டுப் போனால் வீடு கொடுக்கும்போது பெயரை அடித்துவிடுவார்கள் என்று வர மாட்டேன் என்றுவிட்டாள்.

அதனால்தான் தோப்புக்கும் கொட்டகைகளுக்கும் நடுவில் இரண்டு லாரி எதிரெதிரே போகிற அகலத்துக்கு வெறும் மண் தெரியும்படி பெருக்கி வைத்திருந்தோம். அதற்குத் தீக்கோடு என்று பெயர். தோப்புச் சருகில் நெருப்பு ஊர்ந்து வந்தாலும் அங்கே வந்ததும் தின்ன ஒன்றும் இல்லாமல் செத்துப்போகும். தினமும் காலையில் பெருக்குவோம். என் வீட்டு வாசலைக்கூட நான் அப்படிப் பெருக்கியதில்லை.

தலைவருக்குத் தீத்தடுப்பு விழா நடத்த வேண்டும் என்று ஆசை வந்தது. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்றார். விழா அன்று காலையில் துடைப்பத்தோடு போனேன். போன இடத்தில் என் கண்ணையே நம்ப முடியவில்லை. தீக்கோட்டின்மேலேயே தென்னங்கீற்றுப் பந்தல் நின்றது. ஒரு பக்கம் சவுக்குக் கிளை உரச, மறு பக்கம் என் மகளின் கொட்டகைக் கூரை உரச, கீழே சிவப்புக் கம்பளம் வேறு.

“தலைவரே, இன்னாய்யா இது?” என்றேன்.

“எல்லா எடமும் முள்ளும் சருகுமா கெடக்குது ஆயா. இந்த எடந்தான் கல்யாண மண்டபம் மாதிரி பளிச்சுன்னு இருக்குது.”

“பளிச்சுன்னு இருக்கணும்னுதான் தெனம் இடுப்பு ஒடியப் பெருக்கறோம். நெருப்பு தாண்டக் கூடாதுன்னு நாங்க வழிச்சி வெச்சா, நீ அது நடந்து போறதுக்குக் கம்பளம் விரிச்சி வெச்சிருக்கிற.”

“நெருப்பு இன்னைக்கி எதுக்கு ஆயா வருது? இன்னைக்கிதான் தீத்தடுப்பு விழா ஆச்சே!”

இந்த ஆள் அரைஞாண்கூட இல்லாமல் கடற்கரையில் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அறிவு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

காலையில் வருவதாகச் சொன்ன அதிகாரி உச்சிப்பொழுது தாண்டித்தான் வந்தார். அதற்குள் கடல்காற்று எழுந்துவிட்டது. கிழக்கே கடல், மேற்கே கொட்டகை. காற்று அடித்தால் எந்தப் பக்கம் போகும் என்று எங்கள் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். தோப்புக்கு உள்ளே ஜீப் வருகிற பாதை நெடுகத் தலைவர் சரவெடி போட்டிருந்தார்.

“வெடி மட்டும் வேணாம் தலைவரே. காத்து ஏறிடுச்சி.”

“சும்மா இரு ஆயா. சத்தம் இல்லன்னா ஐயாவுக்கு வந்த மாதிரியே இருக்காது.”

“சத்தந்தான வேணும்? நான் விசில் ஊதறேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் அந்தச் சிரிப்புக்காகவே வெடியைக் கொளுத்தச் சொன்னார். நெருப்பு வராமல் தடுக்கப் போகிற விழாவை நெருப்பு வைத்துத் தொடங்கிய ஊர் எங்கள் ஊர்தான்.

மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது. அதிகாரி பேச எழுந்தார். “இந்த எடத்தப் பாருங்க, என்ன சுத்தமா வெச்சிருக்காங்க!” என்று கம்பளத்தைக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிப் புகை மேலே எழும்பிக் கலைந்துபோகும். இது கலையவில்லை. தரையோடு படுத்து, பழுப்பாகி, எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

விசிலை ஊதினேன்.

“ஆயா, ஐயா பேசி முடிக்கட்டும்!” என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

“நெருப்பு கேக்காதுய்யா, அது வர்றதுக்குள்ள எடத்தக் காலி பண்ணு!”

பந்தல்காரன் வைத்துவிட்டுப் போன அரிவாள் காலடியில் கிடந்தது. எடுத்தேன். என் மகளின் கூரையை ஒட்டியிருந்த கயிற்றைத்தான் முதலில் அறுத்தேன். என் பெண்கள் ஆறு பேரும் மற்ற கயிறுகளுக்கு ஓடினார்கள். “வெளிய வாங்க சார், பந்தல் இறங்குது!” என்று கத்தினேன். அதிகாரி நல்ல மனுஷன், குதித்து வந்துவிட்டார். தலைவர் மட்டும் மைக்கை எடுக்கத் திரும்பிப் போனார். பந்தல் அவர் தலைமேல் இறங்கியது. கீற்றுக்குள்ளிருந்து அவர் குரல் மைக்கில் ஊர் முழுக்கக் கேட்டது. அன்றைக்கு அவர் பேசியதில் அர்த்தம் இருந்தது அந்த ஒன்றில்தான்: “ஐயோ, யம்மா!”

அவரை வெளியே இழுத்துப் போட்டோம். கீற்று கீற்றாகப் பந்தலைத் தீக்கோட்டு வழியாகவே வடக்கே இழுத்துக்கொண்டு ஓடி உப்பளத்து வாய்க்காலில் தள்ளினோம். அளத்தில் வேலை பார்த்தவர்கள் உப்புச் சாக்குகளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தார்கள். அதிகாரி பொன்னாடையை உதறிவிட்டு ஒரு சாக்கை வாங்கி அடித்தார். கம்பளத்தை உருட்ட நேரமில்லை. நெருப்பு அதில் ஏறிக் கொட்டகைப் பக்கம் பாதி தூரம் வந்துவிட்டது. ஒரு பொறி பறந்து என் மகளின் கூரையில் உட்கார்ந்தது. தார் கொப்புளித்தது.

“குழந்தையத் தூக்கினு வெளிய வாடி!”

அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அளத்து ஆள் ஒருவன் ஈரச் சாக்கைக் கூரைமேல் வீசினான். புஸ் என்று சத்தம் வந்தது. பிறகு புகை மட்டும். கம்பளத்தை நாங்கள் இழுத்துத் தோப்புப் பக்கமே போட்டோம். நெருப்பு வெறும் மண்ணுக்கு வந்து, அங்குமிங்கும் மோந்து பார்த்து, செத்தது. அதுவரைக்கும் எங்கள் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றார், கீழே வைத்தால் பதவி போய்விடும் என்பதுபோல.

மறுநாள் டீக்கடையில் என்ன சொன்னார் தெரியுமா? “நல்ல காரியத்துல கெழவி பந்தலப் பிரிச்சிடுச்சி. அதான் அபசகுனமாயிடுச்சி.” அதோடு நிறுத்தவில்லை. ஐயா பேச்சு பாதியில் நின்றுவிட்டதாம், அதே இடத்தில் மறுபடி விழாவாம்.

காதில் விழுந்ததும் என் பெண்களைக் கூப்பிட்டேன். உப்பளத்துப் பாத்திகளில் வழித்துப் போட்ட கருஞ்சேறு கரையெல்லாம் கிடந்தது. கூடை கூடையாக அள்ளி வந்து தீக்கோடு முழுக்கக் கொட்டி மெழுகினோம். சேறு எரியாது. ஆனால் நாறும், அழுகிய முட்டைகூட அதனிடம் பிச்சை வாங்கும்.

இடம் பார்க்க வந்த தலைவர் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார். “இன்னா ஆயா இது, நாத்தம்?”

“விழா ஏற்பாடு தலைவரே. நாற்காலி எங்க போடணும்னு காட்டு.”

ஒரு காலைச் சேற்றில் வைத்தார். செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. செருப்பில்லாமல் திரும்பிப் போனவர் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

கொட்டகை வாசலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற என் மகள்தான் திட்டினாள். “யம்மா, வாசப்படியில இப்பிடிக் கொட்டி வெச்சிருக்கிறியே! சோறு எறங்குமா எனக்கு?”

“மூக்கப் புடிச்சினு துன்னுடி. இது நாறற வரைக்கும் எவனும் இங்க பந்தல் போட மாட்டான்” என்று சொல்லிவிட்டு, இன்னொரு கூடை அள்ளப் போனேன்.