மூடிக்குள் மூன்று கோடு

கன்னியம்மாவின் வலது கை நடுவிரல் பாதிதான் இருக்கும். புதுப்பட்டினத்தில் மீன் ஏலம் விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஐஸ் உடைக்கிற மிஷின் போட்ட வருடமே அது போய்விட்டது. மிச்சமிருந்த விரல்களோடு தொழிலை நடத்தினாள், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள். குடித்துவிட்டு அடிக்க வந்த புருஷனை ஐஸ் கொக்கியைக் காட்டித் தெருவுக்கு அனுப்பினாள். அவன் தோளில் அந்தக் கொக்கியின் தழும்பு இன்னும் இருக்கிறது.

மிஷினில் புரியாதது ஒன்றுமில்லை. முள் வைத்த இரும்பு உருளை, அதன் நடுவே தண்டு, தண்டின் இரு முனையிலும் பேரிங். மேலே ஐஸ் பாளத்தைத் தள்ளினால் கீழே தூள் கொட்டும். பேரிங் சரியாக இருக்கும்வரை உருளை தன் இடத்தில் சுற்றும்.

அன்று காலை படகுகள் கரையேறிய நேரம் பேரிங் உடைந்தது. மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தண்டு ஒரு பக்கம் இறங்க, உருளை துள்ளி மேல்தகட்டைப் பிய்த்தது. பாளத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கூலியாள் ஜெரோமின் வலது கையும் பாளத்தோடு உள்ளே போனது. கீழே ஐஸ் சிவப்பாகக் கொட்டியது.

கன்னியம்மா சுவிட்சை அடித்து நிறுத்தினாள். கையை வெளியே எடுத்தபோது மூன்று விரல்கள் இல்லை. முந்தானையைக் கிழித்து இறுக்கி அழுத்தி, கையை அவன் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். விரல்களைப் பொறுக்கிய ஒருவன் அவற்றை அப்படியே ஐஸில் போடப் போனான். அவன் கன்னத்தில் கன்னியம்மாவின் அறை விழுந்தது.

"நேரா ஐஸ்ல போட்டா சதை செத்துடும்டா! துணியில சுத்தி, பையில கட்டி, அப்புறம் ஐஸ் மேல வை!"

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் பையைத் திறந்து பார்த்தார். நசுங்கிக் கூழானதை ஒட்ட முடியாது என்றார்.

மறுநாள் ஜெரோமின் அண்ணன் ஜெயக்குமார் இரும்புக் குழாயோடு ஆபிரகாமின் பட்டறைக்குப் போனான். பேரிங்கை மாட்டியவன் ஆபிரகாம். செய்தி கேட்டுக் கன்னியம்மா உடைந்த பேரிங்கையும் அது வந்த பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஆபிரகாமின் மூக்கு உடைந்து சட்டை நனைந்திருந்தது. அவன் வலது கை, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் இரண்டு தாடைக்கும் நடுவில் இருந்தது. ஜெயக்குமார் வைஸின் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"என் தம்பிக்குக் கை போச்சு. நீ மட்டும் ரெண்டு கையோட இன்னா பண்ணப் போற?"

"மச்சான், மாட்னதுல தப்பில்ல! பேரிங்கே டூப்பு. அக்கா, தின்னரு ஊத்தித் தேச்சுக் காட்டு!"

கன்னியம்மா கந்தலைப் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்துப் பேரிங்கின் விளிம்பைத் துடைத்தாள். கம்பெனி பேரும் நம்பரும் கறுப்பாகக் கந்தலில் ஒட்டிக்கொண்டன.

"அசல்ல எழுத்து இரும்பையே சுட்டுப் போட்டிருப்பான். இன்னா தேச்சாலும் போவாது," என்று கத்தினான் ஆபிரகாம்.

"அப்போ மாட்டும்போது ஏண்டா தேய்க்கல?"

"பொட்டி அசல் பொட்டி, மச்சான். போன்ல ஸ்கேன் பண்ணேன், அசல்னு பச்சை காட்டுச்சு."

"பொட்டி அசலாம், உள்ள கீறது டூப்பாம். யாருக்குடா காது குத்தற? அசல நீ வித்துட்டு டூப்ப மாட்னியா?"

இன்னொரு திருகு. ஆபிரகாமின் சுண்டுவிரல் சட்டென்று முறிந்தது. அவன் அலறியது ஏலக்கடை வரைக்கும் கேட்டது.

அசல் பெட்டிக்குள் போலி எப்படி வந்தது என்று கன்னியம்மா மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தாள். மூடியின் உள்பக்கம் மங்கலாக மூன்று சந்தனக் கோடுகள். நடுக்கோடு மட்டும் கட்டை.

ஆயுத பூஜையன்று புதுப் பேரிங்குக்குப் பொட்டு வைத்துவிட்டு, விரலில் மிச்சமிருக்கும் சந்தனத்தை மூடிக்குள் இழுத்துத் துடைப்பது அவள் வழக்கம். காலியான பெட்டிகள் காயலான் கடைக்குப் போகும். கிழியாத பெட்டிக்கு மட்டும் காயலான் கடை சடையப்பன் ஏன் கூடக் காசு கொடுக்கிறான் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

மூடியை மூடினால் அந்தக் கோடுகள் யார் கண்ணிலும் படாது. ஜெயக்குமாரின் கை மறுபடி கம்பிக்குப் போனது.

"அவன வுடு. இது என் பொட்டி."

"இன்னாது?"

"போன வருசம் நான் துடைச்ச சந்தனம். நடுக்கோட்டப் பாரு, என் விரலப் பாரு." கையை மூடியின் மேல் வைத்துக் காட்டினாள். "காலிப் பொட்டிய நாந்தான் சடையப்பனுக்குப் போட்டேன். எவனோ அதுல டூப்ப அடைச்சிருக்கான். அதையே சிங்கப்பெருமாள் கோயில் ஊருல பேரிங் கடையில காசு குடுத்து வாங்கியாந்தேன்."

ஜெயக்குமார் வைஸைத் தளர்த்தினான். பிறகு குழாயை இரண்டு கையாலும் பிடித்து வீசினான். அது அவளுடைய இடது தோளில் இறங்கியது. காறையெலும்பு உடைவதைக் கன்னியம்மா காதாலேயே கேட்டாள். விழவில்லை. வைஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குழாய் மறுபடி ஓங்கியது.

"அடி. எனக்குச் சேர வேண்டியதுதான். ஆனா முடிச்சிட்டுச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போ. உன் தம்பிக்கு இடது கையால சோறு எடுக்கத் தெரியாது. ராத்திரியிலேர்ந்து பட்டினியா கீறான்."

குழாய் அந்தரத்தில் நின்றது. பிறகு அவன் அதைத் தண்ணீர்த் தொட்டியில் ஓங்கி அடித்தான். தொட்டி பிளந்து பட்டறையெல்லாம் வெள்ளம். அதில் மிதித்துக்கொண்டே வெளியே போனான்.

ஆபிரகாம் நல்ல கையால் அவள் இடது கையைத் துணித் தூளியில் கழுத்தோடு கட்டினான். அவன் முறிந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து அவள் கட்டினாள். இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். வழியில் போலீஸ் ஸ்டேஷனில் இறங்கி, பேரிங்கையும் பெட்டியையும் மேஜைமேல் வைத்தாள். ஜெயக்குமார் பேரைச் சொல்லவில்லை. பெட்டி தன்னுடையது என்பதைச் சொன்னாள்.

ஜெரோம் இப்போது சுவிட்சுப் பக்கம் நிற்கிறான். இடது கை எப்போதும் சுவிட்சின் மேலேயே இருக்கும். புதுப் பேரிங் வந்தால் கன்னியம்மா முதலில் தின்னரால் தேய்க்கிறாள், அப்புறம்தான் சந்தனம். பேரிங்கை வெளியே எடுத்ததும் பெட்டியை ஐஸ் மேலேயே வைத்துக் கத்தியால் நான்காக வெட்டுகிறாள்.

ஜாமீனில் வந்த சடையப்பன் ஒருநாள் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முழுசா குடுத்தா நல்ல ரேட்டாச்சே, யக்கா. ஏன் வெட்டிப் போடற?"

கன்னியம்மா கத்தியைத் தூக்கினாள்.

"கிட்ட வா நைனா, சொல்றேன்."