போர்த்துகல் வழியாக வந்த அமல்ராஜ்

சேக்காட்டு சகாயமேரி வேறு யாருமில்லை, நசரத்பேட்டை லாசரின் இரண்டாவது மகள். ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயத்தால் குறி போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் விடிந்ததும் அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார் லாசர். அவர்கள் போடப் போட இவர் அடித்தார். வீடு கடைசியில் போய்விட்டது, அது வேறு கதை. அந்த ரத்தம்தான் மகளுக்கும்.

அவள் கட்டிக்கொண்டது அமல்ராஜை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புச் சாமான்களுக்குப் பளபளப்பு ஏற்றுகிற ஒரு பிளேட்டிங் பட்டறையில் குரோம் தொட்டி அவன் பொறுப்பு. தொட்டியின் ஆவியை மூச்சில் வாங்கி வாங்கியே அவனுக்கு வயதாயிற்று. நுரையீரல் போய் அவன் செத்தபோது பட்டறைக்காரர்கள் பெரிய மாலையாகக் கொண்டுவந்து போட்டார்கள். போட்ட கையோடு, குடியால் போனான் என்று தெருவில் சொல்லிவிட்டுப் போனார்கள். சொந்தக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கூடப் பிறந்த அண்ணன் பால்ராஜே பிடித்துக்கொண்டார் என்றால் மற்றவர்களை என்ன சொல்ல?

சாவதற்குச் சில மாதம் முன்பு அமல்ராஜ் ஒரு சின்னச் செய்தி சேனலுக்குப் பேசியிருந்தான். வீடியோவில் தொட்டியைப் பற்றிச் சொன்னான், பட்டறை கழிவுத் தண்ணீரை எங்கே விடுகிறது என்று சொன்னான். கடைசியில் ஒரு வெள்ளை நூலை எடுத்து ஒரு மூக்குத் துளைக்குள் விட்டு, மறு துளை வழியாக வெளியே இழுத்தான். நடுச்சுவரை ஆவி அரித்து ஓட்டை போட்டிருந்தது. சகாயமேரி தினமும் செபமாலை முடித்ததும் அதைப் பார்ப்பாள். ஒருநாள் படம் வரவில்லை. அரசு உத்தரவின்படி இந்த நாட்டில் இதைப் பார்க்க முடியாது என்று எழுத்து மட்டும் வந்தது.

"இந்த நாட்டுலன்னா? அந்த மனுசன் செத்தது எந்த நாட்டுலயாம்?" என்று மகள் ஸ்வீட்லினிடம் கேட்டாள்.

ஸ்வீட்லின் முகப்பேரில் பிளாட்டில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். "வேற நாட்டுல தெரியும்மா. விபிஎன் போட்டா நம்ம போனு அங்க இருக்குற மாதிரி ஆயிடும்" என்றாள்.

அந்தப் பெயர் சகாயமேரிக்குப் புதிதில்லை. லீவுக்கு வந்தால் மகள் காலையில் லேப்டாப்பைத் திறந்து, விபிஎன் கிடைக்கவில்லை என்று புலம்புவது வழக்கம். போனில் அதை ஏற்றிக் கொடுத்ததும் நாடுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. சகாயமேரி போர்த்துகலைத் தொட்டாள்.

"அது ஏம்மா?"

"வேளாங்கண்ணி மாதா கப்பல்காரங்கள காப்பாத்திச்சே, அவங்க ஊரு. நமக்கு ஒதவாமலா போவாங்க?"

உதவினார்கள். அமல்ராஜ் வந்தான்.

வருட நினைவுப் பூசைக்கு எல்லாரும் வருவார்கள், அன்று டிவியில் பெரிதாகப் போட்டு அந்த நூலைக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். விஷயம் காதில் விழுந்து பால்ராஜ் முன்னதாகவே வந்துவிட்டார்.

"மேரி, கவுர்மெண்டு மூடி வெச்சத நீ ஏன் தொறக்குற? எனக்கு கவுர்மெண்டு வேலை. என் பையன் ரூபஸுக்கு பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வெரிபிகேஷன் வர்ற நேரம்."

"ஸ்வீட்லின் தெனம் விபிஎன் போட்டுகினுதான் சம்பாரிக்கிறா மாமா. கம்பெனி போட்டா வேலை, நான் போட்டா குத்தமா?"

"செத்தவன நிம்மதியா உடு."

"குடிகாரன்னு பேரு வாங்கினு எங்க நிம்மதியா கீறாரு?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்து, அமல்ராஜ் படத்துக்கு மல்லிகைச் சரம் சாற்றி ஜெபம் சொன்னார்கள். பிறகு சகாயமேரி போனிலிருந்து வீடியோவை டிவிக்கு அனுப்பினாள். பெரிய திரை முழுக்க அதே எழுத்து வந்து நின்றது. இந்த நாட்டில் பார்க்க முடியாது.

பால்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆண்டவனே வேணான்றாரு, பாத்தியா?"

"ஆண்டவன் இல்ல பெரியப்பா, டிவி" என்றாள் ஸ்வீட்லின். "போனுதான் போர்த்துகல்ல இருக்குது. டிவி இன்னும் சேக்காட்டுலயேதான் இருக்குது. ஒயர் இருந்தா நேரா குத்திடலாம், அது முகப்பேர்ல கெடக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். சகாயமேரி திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்தாள். கும்பல் கலைந்தால் அடுத்த வருடம்தான், அதுவரைக்கும் குடிகாரன் குடிகாரன்தான்.

அமல்ராஜோடு அதே தொட்டியில் நின்ற தேவராஜ் மூலையிலிருந்து எழுந்து வந்தார். "டிவி இன்னாத்துக்கு தங்கச்சி? இந்தா, என் போன்ல ஏத்து. நானும் அந்த ஊருக்குப் போறேன்."

"என்னோடதுலயும்" என்று யாரோ நீட்டினார்கள். தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஏற்றித் தந்தார்கள். பால்ராஜ் மனைவியும் முந்தானைக்குள் மறைத்து ஒன்றை நீட்டினாள். அவர் வாசலில் போய் நின்றுகொண்டார்.

ஒரே நேரத்தில் எதுவும் தொடங்கவில்லை. ஒரு போனில் அமல்ராஜ் ஆரம்பிக்க, இன்னொன்றில் இருமினான், வேறொன்றில் தொட்டியைக் காட்டினான். பிரார்த்தனையில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வது மாதிரி அவன் குரல் சுவருக்குச் சுவர் போய் வந்தது. நூல் இந்தப் பக்கம் உள்ளே போனது, அந்தப் பக்கம் வெளியே வந்தது. ஒவ்வொருவராக வாயைப் பொத்தினார்கள்.

"சத்தத்த கொறைங்க" என்றார் பால்ராஜ். "நூலு கீலு எல்லாம் கேமராவுல பண்ற வேலை."

தேவராஜ் படத்தின் அருகே போனார். படத்தில் இருந்த சரத்தின் வாலிலிருந்து பூவை உதிர்த்து நூலை அறுத்தார். தலையை அண்ணாந்து ஒரு துளையில் விட்டார், மறு துளையில் இழுத்தார். கண்ணில் தண்ணீர் வழிய, நூலை இரண்டு கையாலும் பிடித்தபடியே பால்ராஜ் முன்னால் போய் நின்றார்.

"இத எந்த உத்தரவு போட்டு மூடுவாங்கோ அண்ணாத்தே?"

பால்ராஜ் அந்த நூலைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்த போனை வெளியே எடுத்து, திரும்ப உள்ளே வைத்தார். "பாஸ்போர்ட் வந்துடட்டும் மேரி" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"வரட்டும் மாமா. அப்பவும் இது இருக்கும். போர்த்துகல மூடினா வேற நாடு. நான் மாத்திகினே இருப்பேன்."

சொல்லிவிட்டுத் தன் போனின் சத்தத்தைக் கடைசிவரைக்கும் ஏற்றி, தெருப்பக்க ஜன்னலில் சாத்தி வைத்தாள். முதலிலிருந்து போட்டாள்.