கிணற்றில் கிடைத்த சிப்பிப்பாறை

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, வருஷம் சரியாக ஞாபகம் இல்லை. ஐப்பசி மாதம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. தீபாவளிக்கு எடுத்த பட்டு வேட்டியை என் கணவர் முதல்முதலாகக் கட்டியதும் அன்றுதான், அது பாழானதும் அன்றுதான்.

நாங்கள் கோவில்பட்டியில் பாத்திரக் கடை வைத்திருந்தோம். எப்போதும்வென்றான் கிராமத்தில் விவசாயம் பார்க்கும் என் அண்ணன் தன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தான். எங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நானும் அவரும் மட்டும் ஸ்கூட்டரில் போனோம். போன இடத்தில் இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

அண்ணன் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு நாய் கட்டிக் கிடந்தது. இவர் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பந்தியில் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அக்கறையாகக் கேட்டார். "ஏன் மச்சான், நாய்க்குச் சீக்கா? எலும்பெல்லாம் தெரியுதே, சோறு கீறு போடுதியளா இல்லையா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் புரை ஏறிவிட்டது. அது சிப்பிப்பாறை நாய். எங்கள் கரிசல் பக்கத்து வேட்டை நாய். ஒட்டிய வயிறு, நீண்ட மூக்கு, கீழே தொங்குகிற சாட்டை வால், எண்ணிவிடலாம் போல விலா எலும்பு. அதுதான் அதற்கு லட்சணம். முயலுக்குப் பின்னால் ஓடினால் கண்ணுக்கே தெரியாது. என் அண்ணனுக்கு அந்த நாய் மேல் மகளைவிடப் பாசம் அதிகம் என்று அண்ணி சொல்வாள்.

அண்ணன் விடுவானா? "மாப்பிள, நீங்க சட்டியத் தட்டிப் பாத்து ஓட்டை இருக்கான்னு சொல்லுவிய. நாயத் தட்டிப் பாக்க முடியாதுல்லா" என்றான். பந்தியே உருண்டு உருண்டு சிரித்தது. நானும்தான் சிரித்தேன். இவர் பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

திரும்பும்போது வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் தூறல் பிடித்தது. குறுக்குப் பாதையில் போகலாம் என்று இவர் வண்டியைக் காட்டுக்குள் திருப்பினார். கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் முழுக்க மண் அப்பிக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. இவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணைச் சுரண்ட, நான் குடையைப் பிடித்துக்கொண்டு என் பிறந்த வீட்டுக்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த முனகல் கேட்டது. பக்கத்தில் ஒரு பாழுங்கிணறு. எட்டிப் பார்த்தால் உள்ளே இருட்டு. கொஞ்சம் தண்ணீர், அதற்கு மேலே ஒரு கல், கல்லின் மேல் என்னவோ ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. நான் "ஐயோ பாவம்" என்று சொல்லி முடிப்பதற்குள் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படிக்கல்லில் காலை வைத்துவிட்டார்.

"ஏங்க, பட்டு வேட்டிங்க! வழுக்குதுங்க! யாரையாவது கூப்பிடுவோம்!" நான் கத்தியது ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. கல் வழுக்கினால் இவரைத் தூக்க யாரைத் தேடுவேன்? எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்தபோது, இவர் தோளில் ஒரு நாயைப் போட்டுக்கொண்டு மேலே வந்தார். தோலில் மயிரே இல்லை, முழுக்கச் சொறி. எலும்பும் தோலுமாக இருந்தது. வால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குக் காலுக்குள் செருகி வைத்திருந்தது. கீழே இறக்கிவிடுவதற்கு முன்னாலேயே வேட்டியில் மூத்திரம் பெய்துவிட்டது.

பயம் போனதும் எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் நிதானமாக மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"சும்மா கத்தாத ஏட்டி. இது என்ன நாய் தெரியுமா? சிப்பிப்பாறை."

நான் நாயைப் பார்த்தேன். ஒட்டிய வயிறு. எண்ணிவிடலாம் போல விலா எலும்பு. பிறந்ததிலிருந்து வீட்டில் சிப்பிப்பாறை பார்த்து வளர்ந்த எனக்கே ஒரு நிமிஷம் இருக்குமோ என்று தோன்றிவிட்டது. எங்கள் ஊரில் பட்டினி கிடக்கிற எந்த நாயும் கொஞ்ச நாளைக்குச் சிப்பிப்பாறைதான். ஸ்கூட்டரில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அது கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சீட்டில் எழுதுவதற்காக என்ன இனம் என்று கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்தி "சிப்பிப்பாறை" என்றார். டாக்டர் இவரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், சீட்டில் 'நாய்' என்று எழுதி மருந்து கொடுத்தார்.

இவர் அதற்கு மின்னல் என்று பெயர் வைத்தார். மின்னல் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தது. வேட்டை நாய் அப்படித்தான், பலத்தைச் சேர்த்து வைக்கும் என்று இவர் விளக்கம் சொன்னார். கடைக்குக் குடம் வாங்க வந்தவர்கள், குத்துவிளக்கு வாங்க வந்தவர்கள் எல்லோரும் சிப்பிப்பாறையின் பெருமையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. விஷயம் எப்போதும்வென்றானுக்குப் போகாமல் இருக்குமா? ஒரே வாரத்தில் கடைக்குப் போன் வந்தது. அண்ணன்தான். அவன் சிரிப்பு எதிரே நின்ற எனக்கே கேட்டது.

இவர் முகம் சிவந்துவிட்டது. "மச்சான், பங்குனித் திருவிழாவுக்கு வாங்க. வந்து உங்க கண்ணால பாருங்க. இது சிப்பிப்பாறை இல்லேன்னா என் மீசைய எடுத்துருதேன்!"

அந்த மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சாதாரண மீசை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோது முதலில் மீசைதான் உள்ளே வந்தது, பிறகுதான் இவர் வந்தார். அதற்கென்று தனிச் சீப்பு வைத்திருந்தார்.

அண்ணன் அந்தப் பக்கம் என்னவோ சொன்னான். போனை வைத்த பிறகுதான் இவர் மெதுவாகச் சொன்னார். தோற்றால் மீசை மட்டும் இல்லையாம், நாயையும் விட்டுவிட வேண்டுமாம். அண்ணன் நிஜமான சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து தருவானாம். இவரும் வீறாப்பில் சரி என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் என் மகள் மின்னலைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். மின்னல் அவள் கன்னத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கென்ன தெரியும்?

அதன் பிறகு வீட்டில் சட்டம் வந்தது. வேட்டை நாய்க்குச் சதை போடக் கூடாது. காலையில் கம்மங்கஞ்சி, சாயங்காலம் ஒரு உருண்டை கேப்பைக் களி. அரிசிச் சோறு கண்ணிலேயே காட்டக் கூடாது. நானும் சரி சரி என்று தலையாட்டினேன். ஆனால் மிஞ்சின இட்டிலியைக் குப்பையில் போட மனசு வருமா? அதோடு ஒரு முட்டையையும் உடைத்து ஊற்றினேன். என் மகள் கடலைமிட்டாயில் பாதியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. ஒருநாள் இவர் சட்டையைத் துவைக்க எடுத்தால் பையெல்லாம் சால்னா வாடை. சட்டம் போட்ட மனுஷனே தினமும் பரோட்டாவைப் பொட்டலம் கட்டி ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார்!

தை பிறப்பதற்குள் மின்னலின் விலா எலும்பு காணாமல் போனது. சொறி ஆறியதும் வெள்ளையும் செம்பட்டையுமாகச் சடை சடையாக மயிர் முளைத்தது. பயம் தெளிந்ததும் அதுவரை காலுக்குள் ஒளிந்திருந்த வால் வெளியே வந்தது. வந்தது மட்டுமா, மேலே எழும்பி, முதுகில் ஒரு சுற்றுச் சுற்றி, முறுக்கு மாதிரி உட்கார்ந்துகொண்டது.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று ஊரே சொல்கிறது. என் கணவர் நிமிர்த்திப் பார்த்தார். தினமும் கடை அடைத்து வந்ததும் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து வாலை உருவி உருவி விடுவார். மின்னலுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இவர் கிண்ணத்தை எடுத்தாலே வந்து பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். கையை எடுத்ததும் வால் படக்கென்று சுருண்டுகொள்ளும்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட வந்தவர் ரொம்ப நேரமாக அடுப்படிப் பக்கம் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். மின்னல் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. இவர் அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "ஏலே, ஒன்னய ஓடச் சொல்லல. குரைக்கச் சொல்லல. மச்சான் நிக்க நேரம் மட்டும் வாலைக் கொஞ்சம் கீழ போட்டுக்கிடுலே. பொறவு எப்படி வேணாலும் வச்சுக்கோ." எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன்.

திருவிழாவும் வந்தது. தேரோட்டத்தன்று காலையிலேயே அண்ணன் ஒரு கூடையோடு வந்து இறங்கினான். கூடைக்குள் அழகான சிப்பிப்பாறைக் குட்டி. மின்னல் ஓடிப்போய் அண்ணன் காலடியில் மல்லாந்து படுத்து, நாலு காலையும் தூக்கி வயிற்றைக் காட்டியது. அதன் வயிறு அப்போது ஒரு தோண்டி அளவு இருந்தது.

அண்ணன் சிரிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு "மாப்பிள, பாறை இருக்கு, சிப்பியத்தான் காணும்" என்று சொல்லிவிட்டு அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். என் அண்ணன் கேலிக்காரனே தவிரக் கெட்டவன் இல்லை.

"மீசையெல்லாம் வேண்டாம் மாப்பிள. அப்பா உயிரோட இருக்கையில மீசைய எடுக்கப்பிடாது. வெளையாட்டுக்குச் சொன்னது அது. இந்தாங்க குட்டி. இந்தச் சவத்த மட்டும் நான் போற வழியில ஆட்டுக்கிடையில விட்டுருதேன். அங்கன கெடந்து பொழச்சுக்கிடும்."

எங்கள் பக்கம் அப்பா இருக்கும்போது மகன் மீசையை எடுப்பது அபசகுனம். இவருடைய அப்பா கயத்தாறில் மூத்த மகன் வீட்டில் நல்ல சுகமாக இருந்தார். ஆக, மீசை பிழைத்தது. கூடவே ஒரு சாதி நாய்க்குட்டியும் சும்மா கிடைக்கிறது. நியாயமாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். என் மகள் கதவுக்குப் பின்னால் நின்று விசும்பிக்கொண்டிருந்தாள். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் யாரையும் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நாய் போவதைப் பார்க்கச் சகிக்காமல் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அண்ணனுக்கு நான் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ ஓர் ஆள் வந்து நின்றார். எங்கோ பார்த்த முகமாக இருந்தது. மூக்குக்குக் கீழே வெள்ளை வெளேரென்று இருந்தது.

எனக்கு அடையாளம் தெரிவதற்கு முன்னால் மின்னல் எழுந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் குரைக்காத நாய், பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்தது. இவர் "ஐயோ!" என்று திரும்பி ஓடினார். தேர் பார்க்கக் கிளம்பிய கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. முன்னால் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி இவர், பின்னால் மின்னல். தோண்டி வயிற்றோடு அப்படி ஓர் ஓட்டம் ஓடும் என்று யார் நினைத்தார்கள்? தெருமுனையில் இவர் மூச்சிரைக்க, "ஏலே மின்னலு, நாந்தாம்லே!" என்று கத்தினார். குரலைக் கேட்டதும் நாய் அப்படியே நின்றது. ஒருதரம் மோந்து பார்த்தது. அவ்வளவுதான், குழைந்து குழைந்து அவர் காலில் விழுந்துவிட்டது.

அண்ணன் வாசலில் காபித் தம்ளரோடு நின்றவன், "ஓட்டம் என்னவோ சிப்பிப்பாறை ஓட்டந்தான்" என்றான்.

இவர் நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அந்தக் கனத்துக்கு நடக்கவே முடியவில்லை. "பந்தயத்துல பாதியக் கட்டிட்டேன் மச்சான்" என்றார். "மத்த பாதியக் கேக்காதிய." அண்ணன் கூடையை மூடி எடுத்துக்கொண்டான். போகும்போது மின்னல் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

கதை அதோடு முடியவில்லை. கடையில் மொட்டை முகத்தோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து ஆளாளுக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். "அப்பா எப்ப தவறினாக அண்ணாச்சி? சொல்லி விடவே இல்லியே" என்று ஒரே விசாரணை. பேச்சு பஸ் ஏறிக் கயத்தாறுக்கும் போய்விட்டது. தூரத்து உறவுக்காரர் ஒருவர் ரோஜா மாலையோடு போய் இறங்கியிருக்கிறார். வாசலில் அவரை வரவேற்றதே என் மாமனார்தான். மாலையை வாங்கிப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டாராம். மீசை பழையபடி வளரும்வரை இவர் கயத்தாறு பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மின்னல் எங்களோடு நெடுங்காலம் இருந்து, என் மகள் கல்லூரிக்குப் போன பிறகு, வயதாகித்தான் போனது. அதை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று நான் இவரிடம் கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு அது சிப்பிப்பாறைன்னு நெசமாவே நெனச்சியளா?"

"கெணத்து இருட்டுல என்ன நாயின்னு யாருக்குத் தெரியும்? மேல கொண்டாந்ததும் நீ வாயத் தொறந்தே. பட்டு வேட்டியும் போச்சு. சொறி நாயின்னா நீ வீட்டுக்குள்ள விட்டிருப்பியா? அதான் சட்டுனு வாயில வந்ததச் சொன்னேன். பொறவு சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான் தெரிஞ்சுது."

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாராவது இரக்கப்பட்டு எதையாவது தூக்கிக்கொண்டு வந்தால் அது என்ன, ஏது, எந்தச் சாதி என்று நான் கேட்பதில்லை. தட்டை எடுத்து முதலில் சோற்றைப் போட்டுவிடுகிறேன்.